கொழுந்துக் கணக்கை ஜாவாவில் மரமாக வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் ஜாவா படிக்கும் பிள்ளைகளுக்கு நான் விரும்பிக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவைக் கணக்கை மரவடிவத் தரவாக வைக்க ஒரு இன்டர்ஃபேஸ் வடிவமைக்க வேண்டும். ஸ்கீமாவின் விதிக்கு அடங்காத எதுவும் சம்பளக் கணக்குக்குப் போய்ச் சேரக் கூடாது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ, எங்கே இதைக் கொடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கிளாஸ், இன்டர்ஃபேஸ், லிஸ்ட் என்ற அளவுக்கு ஜாவா தெரிந்தவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மரம் என்று எதைச் சொல்கிறோம்? ஸ்கீமா என்பது எது?

உச்சியில் தோட்டம். அதற்குள் டிவிஷன்கள். டிவிஷனுக்குள் மலைகள், மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) சொல்லி அனுப்புகிற அதே மலைகள்தான். மலைக்குள் நாட்கள், நாளுக்குள் நிறுவைச் சீட்டுகள். ஒரு சீட்டில் செக்ரோல் நம்பர் (தொழிலாளியின் பதிவு எண்), காலை நிறுவையா பகலா மாலையா என்பது, மொத்த எடை, சாக்குக்கும் தண்ணிக்கும் போகும் கழிவு, நிகர எடை ஆகியவை இருக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கணு.

எதற்குள் எது வரலாம், எது கட்டாயம், எந்த மதிப்பு எந்த வகை, எது எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்வது ஸ்கீமா. நிகர எடை என்பது மொத்தத்தில் கழிவு போக மிச்சம் என்பதும் ஸ்கீமாவின் விதிதான். இந்த ஒரு விதியை மறக்காமல் வைத்திருங்கள், பின்னால் நிறையத் தேவைப்படும்.

எல்லாக் கணுக்களுக்கும் ஒரே இன்டர்ஃபேஸ் போதாதா?

போதும் என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். பிள்ளைக் கணுவைச் சேர், மதிப்பைக் கொடு, மதிப்பை மாற்று என்று எல்லா மெத்தட்டையும் ஒன்றில் போட்டுவிடலாம். எக்ஸ்எம்எல், எச்டிஎம்எல் ஆவணங்களை மரமாகக் கையாள 1998 ஒக்டோபரில் வெளிவந்த டொம் முதல் நிலை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. அதிலுள்ள கணு இன்டர்ஃபேஸில் பிள்ளையைச் சேர்க்கும் மெத்தட் எல்லா வகைக் கணுவுக்கும் உண்டு. வெறும் எழுத்தை வைத்திருக்கும் டெக்ஸ்ட் கணுவுக்கும் உண்டு. ஆனால் அதைக் கூப்பிட்டால் ஓடும் நேரத்தில் பிழை எறியும். கொம்பைலர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாது. ஜாவாவின் லிஸ்ட்டும் இதே பாதைதான்: மாற்ற முடியாத லிஸ்ட்டிலும் சேர்க்கும் மெத்தட் இருக்கும், கூப்பிட்டால் எக்செப்ஷன் வரும்.

ஸ்கீமாவோடு வேலை செய்யும்போது இது பொருந்தாது. எடைக்குக் கீழே பிள்ளை வராது என்பது ஸ்கீமாவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அப்படியானால் கொம்பைலருக்கும் தெரியட்டும். மூன்று வகை போதும்: பல்வேறு பெயருள்ள பிள்ளைகளைக் கொண்ட கொள்கலன், ஒரே வகைப் பிள்ளைகள் பல வரும் பட்டியல், மதிப்பை மட்டும் வைத்திருக்கும் இலை. வலைப்பின்னல் சாதனங்களின் அமைப்பை எழுதப் பயன்படும் யாங் மொழியிலும் இதே மூன்றும் இதே அர்த்தத்தில் இருக்கின்றன.

ஜாவா 17 இல் நிரந்தரமான சீல்ட் இன்டர்ஃபேஸ் இதற்கென்றே வந்தது போல இருக்கும். கணு என்ற சீல்ட் இன்டர்ஃபேஸ் இந்த மூன்றை மட்டும் அனுமதிக்கும். ஜாவா 21 இல் சுவிட்ச் போட்டு வகை வகையாகப் பிரிக்கும்போது ஒன்றை விட்டுவிட்டால் நிரல் கொம்பைல் ஆகாது. பொதுக் கணுவில் இரண்டு மெத்தட்டுக்கு மேல் வேண்டாம்: பெயரைத் தருவது, தன் ஸ்கீமாக் கணுவைத் தருவது.

சரிபார்க்கும் விதிகளைக் கணு கிளாஸுக்குள்ளேயே எழுதினால் என்ன?

மலை, சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் எழுதி அதற்குள் விதியையும் எழுதினால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னொரு புலம் கேட்கும்போது நிரலையே மாற்றிக் கட்ட வேண்டிவரும். ஸ்கீமாவும் ஒரு மரம்தான். அதில் நிறுவைச் சீட்டுக்கு ஒரேயொரு ஸ்கீமாக் கணு இருக்கும். தரவு மரத்தில் சீட்டுகள் எத்தனை ஆயிரம் வந்தாலும் எல்லாம் அந்த ஒன்றையே சுட்டும். விதி அங்கே, மதிப்பு இங்கே.

பிறகு எப்போது சரிபார்ப்பது? ஒவ்வொரு மதிப்பைப் போடும்போதுமா, கடைசியிலா?

இந்தப் பயிற்சியின் உயிரே இந்தக் கேள்விதான்.

மதிப்பைப் போடும் கணமே எல்லாவற்றையும் சரிபார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டில் மொத்தம் 14 கிலோ, கழிவு 1, நிகரம் 13 என்று இருக்கிறது. மொத்தம் உண்மையில் 16, தவறிப் பதிந்துவிட்டார்கள். திருத்தப் போகிறீர்கள். மொத்தத்தை 16 ஆக்கிய கணத்தில் நிகரம் இன்னும் 13. விதி உடைகிறது, நிரல் மறுக்கிறது. சரி, நிகரத்தை முதலில் மாற்றலாம் என்றால் அப்போதும் உடைகிறது. இரண்டு பக்கமும் சரியான ஒரு திருத்தத்துக்கு நடுவில் பிழையான ஒரு நிலையைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு இன்டர்ஃபேஸ் இடம் தர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) பதிகிறவரிடம் எல்லாத் தகவலும் ஒரே நேரத்தில் இருக்காது. மழை வந்துவிடும், சிக்னல் போய்விடும், செக்ரோல் நம்பரைப் பிறகு பார்த்துப் போட வேண்டியிருக்கும். பாதி நிரம்பிய சீட்டைப் போன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அரைகுறை என்பதால் தூக்கி எறியக் கூடாது.

ஆகவே இரண்டு வகை வேண்டும். ஒன்று வரைவு. அதில் எதையும் மாற்றலாம், எதுவும் விடுபட்டிருக்கலாம். மற்றது சரிபார்த்த கணு. அது மாறாது. வரைவிடம் "முடி" என்று சொன்னால், முழு ஸ்கீமாவையும் ஓட்டிப் பார்த்து, சரிபார்த்த கணுவையோ பிழைகளின் பட்டியலையோ தரும். வேறு எந்த வழியாகவும் சரிபார்த்த கணு பிறக்கக் கூடாது. யாங் மொழியை வரையறுக்கும் 2016 ஆம் ஆண்டு ஆவணமும் சரிபார்ப்பை ஒரே கணத்தில் திணிக்கவில்லை. செய்தியைப் படிக்கும்போது சில, திருத்தத்தைச் செயற்படுத்தும்போது சில, இறுதிச் சரிபார்ப்பில் மிச்சம் என்று மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. நீங்களும் அப்படிப் பிரிக்கலாம். எடை இருக்கும் இடத்தில் எழுத்தைப் போட்டால் வரைவே உடனே மறுக்கட்டும். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியவை கடைசிக்குக் காத்திருக்கட்டும்.

கணுவுக்குள் "சரிபார்த்தாயிற்று" என்று ஒரு பூலியன் வைத்தால் இதே பலன் கிடைக்காதா?

கிடைக்காது. பூலியனை யாராவது ஞாபகமாகப் பார்க்க வேண்டும். சம்பளம் கணக்கிடும் மெத்தட்டை ஆறு மாதம் கழித்து இன்னொருவர் எழுதுவார், அவர் பார்க்க மறப்பார், கொம்பைலரும் சும்மா இருக்கும். சரிபார்த்த கணு தனி வகையாக இருந்தால், அந்த மெத்தட்டுக்கு வரைவை அனுப்பவே முடியாது. ஒருவர் நாளெல்லாம் மலையில் நின்று பறித்த கொழுந்து இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு பேரா அரைப் பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பது இதிலிருந்து முடிவாகிறது. அதை ஒருவருடைய ஞாபகத்தை நம்பி விட எனக்கு மனமில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். சரிபார்த்த கணுவை ரெக்கோர்ட் ஆக, அதாவது மதிப்புகளை வைத்திருக்கவென்றே உள்ள சுருக்கமான கிளாஸாக எழுத ஆசைப்படுவீர்கள், நல்லதுதான். ஆனால் பப்ளிக் ரெக்கோர்ட்டின் முதன்மைக் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்க ஜாவா விடாது. ரெக்கோர்ட் எவ்வளவு வெளியே தெரிகிறதோ, கன்ஸ்ட்ரக்டரும் குறைந்தது அந்த அளவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அப்படியானால் யாரும் நேரே ஒன்றை உருவாக்கிவிடலாம், சரிபார்ப்பைத் தாண்டி. அதனால் கொள்கலன், பட்டியல், இலை ஆகிய மூன்றையும் பப்ளிக் சீல்ட் இன்டர்ஃபேஸ்களாக வைத்து, அவற்றை நிறைவேற்றும் ரெக்கோர்ட்களைப் பேக்கேஜுக்குள் மறைத்துவிடுங்கள். வெளியிலிருந்து சுவிட்ச் போடுகிறவருக்கு மூன்று இன்டர்ஃபேஸும் தெரிந்தால் போதும்.

ரெக்கோர்ட் என்றாலே மாறாது என்றும் நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் லிஸ்ட்டை வெளியில் வைத்திருப்பவர் மாற்றலாம். கன்ஸ்ட்ரக்டரிலேயே, ஜாவா 10 இல் வந்த நகலெடுக்கும் மெத்தட்டால் மாறாத பிரதியை எடுத்து வையுங்கள்.

பிழை இருந்தால் எக்செப்ஷன் எறிவதா?

தரவில் உள்ள பிழைக்கு வேண்டாம். சீட்டில் தவறு இருப்பது எதிர்பாராத விபத்தல்ல, தினம் நடப்பது. எக்செப்ஷன் முதல் பிழையிலேயே நின்றுவிடும். பதிகிறவர் ஒன்றைத் திருத்தி அனுப்புவார், அடுத்தது வரும், அதைத் திருத்துவார், மூன்றாவது வரும். பின்னால் கூடையோடு வரிசை நிற்கும். எல்லாப் பிழையையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பிழையிலும் பாதை இருக்க வேண்டும்: கீழ் டிவிஷன், ஏழாம் நம்பர் மலை, இன்ன தேதி, இன்ன செக்ரோல் நம்பர், மாலை நிறுவை, கழிவு. "மதிப்பு தவறு" என்று மட்டும் சொல்லும் பிழைச்செய்தியால் யாருக்கும் பயனில்லை. ஜாவா 5 இலிருந்து இருக்கும் எக்ஸ்எம்எல் சரிபார்ப்பு இன்டர்ஃபேஸிலும் இந்தப் பாடம் இருக்கிறது. பிழை கையாளும் ஒப்ஜெக்ட்டை நீங்கள் கொடுக்காவிட்டால் முதல் பிழையோடு எறிந்துவிடும். கொடுத்தால், தொடர்ந்து போய் எல்லாவற்றையும் திரட்டலாம்.

ஸ்கீமாவிலேயே இல்லாத ஒரு பெயரை நிரலாளர் கேட்டால் அது நிரலின் தவறு. அங்கே எக்செப்ஷன் சரியானதுதான்.

எடை இல்லாவிட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. நிறுக்கவில்லை என்பது ஒன்று, நிறுத்தபோது ஒன்றுமில்லை என்பது வேறு. விடுபட்ட மாலை நிறுவையை நிரல் 0 என்று நிரப்பினால், அன்று மாலை பறித்த கொழுந்து கணக்கில் காணாமல் போகும். பிறகு அதைக் கண்டுபிடிக்கவும் வழியிருக்காது, ஏனென்றால் 0 என்பது பார்வைக்குச் சரியான எண்.

இன்டர்ஃபேஸில் இது தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டாயமில்லாத இலையைக் கேட்கும் மெத்தட் ஒப்ஷனல் திருப்பட்டும். ஸ்கீமா கட்டாயம் என்று சொன்ன இலைக்கு, சரிபார்த்த கணுவில் நேரடியாக மதிப்பையே தரலாம், ஏனென்றால் அது இல்லாமல் அந்தக் கணு பிறந்திருக்கவே முடியாது. வரைவில் மட்டும் எல்லாமே ஒப்ஷனல். ஜாக்சன் நூலகத்தின் ஜேசன் மரத்தில் இல்லாததைக் கேட்க இரண்டு வழி இருப்பதைப் பாருங்கள்: ஒரு மெத்தட் நல் தரும், இன்னொன்று "இல்லாத கணு" என்ற தனி ஒப்ஜெக்ட்டைத் தரும். ஜாக்சன் 2 இல், இரண்டாவதிலிருந்து எண்ணாக எடுத்தால் 0 வந்துவிடும். பல வேலைகளுக்கு வசதியானது, கொழுந்துக் கணக்குக்கு ஆகாது.

ஜேசன் ஸ்கீமாவில் இயல்பு மதிப்பு எழுதினால் அது தானாக நிரம்பும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஒரு குறிப்பு மட்டுமே. சரிபார்ப்பதற்கு அதில் பங்கில்லை.

எடைக்கு டபிள் போதுமா?

பிக்டெசிமல் பயன்படுத்துங்கள். டபிளால் 0.1 ஐத் துல்லியமாக வைக்க முடியாது, மாதக் கடைசியில் கூட்டும்போது வித்தியாசம் தலைகாட்டும். ஆனால் பிக்டெசிமலில் 12.5 உம் 12.50 உம் சமமா என்று ஈக்குவல்ஸ் மெத்தட்டைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். ஒப்பிடும் மெத்தட்டைக் கேட்டால் சமம் என்று சொல்லும். ரெக்கோர்ட் தானாக எழுதிக்கொள்ளும் ஈக்குவல்ஸ் முதலாவதையே கூப்பிடுகிறது. ஒரே சீட்டு இரண்டு போனிலிருந்து வந்தால் இரண்டு வேறு சீட்டுகளாகத் தெரியும். தசம இடம் எத்தனை என்பதை ஸ்கீமாவில் எழுதி, "முடி" நடக்கும்போது எல்லா எடையையும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். தசமம் கூடுதலாக இருந்தால் சத்தமில்லாமல் வெட்டாதீர்கள், பிழையாகச் சொல்லுங்கள்.

தமிழில் பெயர் வைத்த கணு சில நேரம் கிடைப்பதில்லை. ஏன்?

இதைத் தமிழில் வேலை செய்கிறவர்கள்தான் சந்திப்போம், ஆகவே நாம்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். "கொழுந்து" என்பதில் உள்ள "கொ" யூனிகோடில் இரண்டு விதமாக வரலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது கொம்பும் அரவும் இரண்டு குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஸ்ட்ரிங்கின் ஈக்குவல்ஸுக்கு இரண்டும் வேறு, ஹாஷ்மேப்புக்கும் வேறு. ஜாவா 6 முதல் இருக்கும் நோர்மலைசரால் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டாம். கணுவின் பெயருக்கென்று ஒரு சிறு வகை வைத்து, அது உருவாகும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். பெயரை வெறும் ஸ்ட்ரிங்காக வாங்கும் மெத்தட் எதுவும் இன்டர்ஃபேஸில் இருக்கக் கூடாது.

இதனால் தீராத ஒன்றும் உண்டு. "கௌரி" என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், கொம்பும் ளகரமும் சேர்த்து "கெளரி" என்று அடிப்பவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு அவை உண்மையிலேயே வேறு சொற்கள், நோர்மலைசர் தொடாது. ஆளை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் செக்ரோல் நம்பரைத் திறவுகோலாக வைக்க இதுவே போதுமான காரணம்.

நீள வரம்பும் கவனிக்க வேண்டியது. "கொழுந்து" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஸ்ட்ரிங்கின் நீளம் 8, பிரிந்த வடிவத்தில் 9. ஜேசன் ஸ்கீமாவின் நீள விதியும் குறியீடுகளைத்தான் எண்ணும். இருபது எழுத்துப் போதும் என்று நினைத்து 20 என்று வரம்பு வைத்தால், எங்கள் ஆட்களின் முழுப் பெயர் பாதியில் நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடம் தமிழில் எழுதுகிறவருக்கும் கிடைக்க வேண்டும். வரம்பைத் தாராளமாக வையுங்கள், அல்லது ஜாவா 9 இலிருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷனில் உள்ள முழு எழுத்துக் குறியால் எண்ணுங்கள்.

பட்டியலில் உள்ள கணுவை எத்தனையாவது என்று கேட்கலாமா?

வேண்டாம். நடுவில் ஒன்று சேர்ந்தால் எல்லா இடமும் மாறும். மலைக்கு நம்பர், சீட்டுக்குச் செக்ரோல் நம்பரும் நிறுவை நேரமும் என்று திறவுகோலை ஸ்கீமாவில் எழுதி, அதை வைத்தே கேளுங்கள். ஒரே திறவுகோலில் இரண்டு வந்தால் அது பிழை, பின்னால் வந்தது முன்னதை அழிப்பது அல்ல.

கணுவிலிருந்து தாய்க் கணுவுக்குப் போக மெத்தட் வேண்டாமா?

வரைவில் இருக்கலாம். சரிபார்த்த கணுவில் வைக்காதீர்கள். தாய் பிள்ளையையும் பிள்ளை தாயையும் சுட்டினால், ரெக்கோர்ட்டின் ஈக்குவல்ஸும் டுஸ்ட்ரிங்கும் முடிவில்லாமல் சுற்றி ஸ்டாக்கை நிரப்பிவிடும். அதோடு ஒரு சீட்டைத் திருத்திப் புது மரம் எடுக்கும்போது, மாறாத மற்ற மலைகளைப் பழைய மரத்திலிருந்து அப்படியே பகிர்ந்துகொள்ளும் வசதியும் போய்விடும். தாய் தேவைப்படுவது பெரும்பாலும் பிழையின் பாதையைச் சொல்லத்தான். மேலிருந்து இறங்கும்போதே பாதையைக் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கள் நிலையத்துக் கணினிகளில் ஜாவா 8 தான் இருக்கிறது. என்ன செய்வது?

சீல்ட், ரெக்கோர்ட், வகைச் சுவிட்ச் மூன்றும் கிடைக்காது, ஒப்ஷனல் கிடைக்கும். விசிட்டர் முறையில், அதாவது கணு வகைக்கு ஒரு மெத்தட் வீதம் ஒரு தனி இன்டர்ஃபேஸில் மூன்று மெத்தட் எழுதினால், ஒன்றை விட்டால் கொம்பைல் ஆகாத அதே காவல் வந்துவிடும். மாறாத பிரதியைக் கையால் எடுக்க வேண்டும். இன்னொன்று: தமிழில் எழுதிய சோர்ஸ் ஃபைலை விண்டோஸில் கொம்பைல் செய்யும்போது யூடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுங்கள். ஜாவா 18 இலிருந்துதான் அது இயல்பானது.

ஸ்கீமா மாறினால் பழைய சீட்டுகள் என்ன ஆகும்?

கழிவுக்கு உச்சவரம்பு ஒன்று புதிதாக வந்தது என்று வையுங்கள். போன மாதச் சீட்டுகளைப் புது ஸ்கீமாவால் ஓட்டினால் சில பிழை என்று வரும். அவை பிழையல்ல, அன்றைய விதிக்கு உட்பட்டவை. ஒவ்வொரு ஸ்கீமாவுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து, சேமிக்கும் மரத்தின் உச்சியில் அதை எழுதிவையுங்கள். திறக்கும்போது அந்தப் பதிப்பாலேயே சரிபாருங்கள். புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டுமென்றால், சரிபார்த்த கணுவிலிருந்து வரைவை எடுத்து, மாற்றி, மறுபடி "முடி" சொல்ல வேண்டும். பழைய கணு அப்படியே இருக்கும், யாராவது தன் சம்பளச் சீட்டோடு வந்து கேட்டால் அன்று பதிந்த எடையை எடுத்துக் காட்டலாம்.